தொடக்க ஆட்டம் எங்கே கெடுகிறது? அறிகுறியை வைத்துப் பிழை காணும் வழிமுறை

சதுரங்கப் போட்டியில் தோற்று எழுந்து வருபவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், "ஓப்பனிங் சரியாக அமையவில்லை" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். ஆனால் எட்டாவது நகர்விலேயே குதிரையை இழந்தவரும், பதினைந்து நகர்வு வரை நன்றாக ஆடிவிட்டு அதற்குமேல் என்ன செய்வதென்று விழித்தவரும், நான்காவது நகர்விலேயே அரை மணி நேரத்தைச் செலவிட்டவரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். கோளாறு வெவ்வேறு என்பதால் மருந்தும் வெவ்வேறாகத்தான் இருக்க முடியும். இதைப் பிரித்துப் பார்க்காமல் உடனே வேறொரு திறப்புக்கு, அதாவது வேறொரு தொடக்க நகர்வு வரிசைக்கு, மாறுகிறவர் பழைய கோளாறைப் புதிய திறப்புக்குள்ளும் எடுத்துச் செல்கிறார். எனவே திறப்பை மாற்றுவதைக் கடைசி மருந்தாகவே இங்கே வைத்திருக்கிறேன்.

நகர்வுகளை எழுதும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பலகையின் நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என எட்டு; கிடைவரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. நகர்வு எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்வு. காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாயின் நகர்வு. பெருக்கல் குறி வெட்டுவதையும், கூட்டல் குறி செக்கையும் காட்டும்.

முதலில் சாட்சியத்தைத் திரட்டுங்கள்

அண்மையில் தோற்ற ஐந்தாறு ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டுகளை (நகர்வுகளை எழுதிய தாள்களை) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களைக் குறிக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே அறிந்திருந்த கடைசி நகர்வு எது, நீங்கள் முதன்முறையாக நீண்ட நேரம் யோசித்த நகர்வு எது, நிலை உண்மையிலேயே மோசமான நகர்வு எது என்பவையே அவை. மூன்றாவதைக் கண்டுபிடிக்க மட்டும் எஞ்சினை (சதுரங்கம் ஆடும் கணினி நிரலை) பயன்படுத்தலாம். முதல் இரண்டையும் உங்கள் நினைவும் கடிகாரமும்தான் சொல்ல முடியும்.

கடிகார நேரத்தை எழுதி வைக்கும் பழக்கம் பலருக்கு இல்லை. ஸ்கோர் ஷீட்டில் நகர்வுகளோடு கடிகார நேரத்தையும் குறித்துக்கொள்ள, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் அனுமதிக்கின்றன. ஆடுவதற்கு முன்பே நகர்வை எழுதி வைத்துப் பார்ப்பதுதான் கூடாது. என் பழைய ஷீட்டுகளில் நேரம் குறிக்காதவற்றை இன்று எடுத்துப் பார்த்தால் நகர்வுகள் தெரிகின்றனவே தவிர, எந்த இடத்தில் தடுமாறினேன் என்பது தெரியவில்லை. பிழை காண்பதற்கு அவை ஏறக்குறையப் பயனற்றவை.

அறிகுறி: பத்து நகர்வுக்குள் காய் போகிறது, அல்லது ஆட்டமே முடிந்துவிடுகிறது

கறுப்பாக ஆடும்போது இது நேர்ந்தால் முதலில் எஃப்7 கட்டத்தைப் பாருங்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. வெள்ளைக்கு எஃப்2 அப்படிப்பட்டது. 1.இ4 இ5 2.பிஷப் சி4 குதிரை சி6 3.ராணி எச்5 என்று வந்ததும், ராணியை விரட்டும் ஆவலில் 3...குதிரை எஃப்6 ஆடினால் 4.ராணி×எஃப்7 என்று ஆட்டம் முடிந்துவிடும். சரியான பதில் 3...ஜி6. அடுத்து 4.ராணி எஃப்3 என்று மீண்டும் அதே கட்டத்தைக் குறிவைத்தால் 4...குதிரை எஃப்6 போதும்.

இதை மனப்பாடம் செய்துகொண்டவர்கள் விழும் இன்னொரு குழி உண்டு. வெள்ளை 1.இ4 இ5 2.ராணி எச்5 என்று ராணியை ஒரு நகர்வு முன்னதாகவே வெளியே எடுத்துவிட்டால், பழக்க தோஷத்தில் 2...ஜி6 ஆடக்கூடாது. 3.ராணி×இ5+ என்று செக் வைத்து, அடுத்த நகர்வில் எச்8 கட்டத்து யானையை எடுத்துவிடும். அங்கே முதலில் 2...குதிரை சி6 ஆடி இ5 சிப்பாயைக் காக்க வேண்டும். ஒரே ராணி ஒரே கட்டத்தில்தான் நிற்கிறது. ஆனால் பதில் மாறுகிறது, ஏனென்றால் அது இப்போது தாக்குவது எஃப்7 கட்டத்தை மட்டுமல்ல, காவலில்லாத இ5 சிப்பாயையும்தான். பொறிகளைப் பெயரோடு மனப்பாடம் செய்வதைவிட, எதிராளியின் கடைசி நகர்வு எந்தெந்தக் கட்டங்களைப் புதிதாகத் தொடுகிறது என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சற்று முன்னேறிய நிலையிலும் இதே கட்டம்தான் தொல்லை தருகிறது. 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் சி4 குதிரை எஃப்6 4.குதிரை ஜி5 டி5 5.இ×டி5 என்ற நிலையில் குதிரையால் டி5 சிப்பாயை வெட்டுவது இயல்பாகத் தோன்றும். வெட்டினால் 6.குதிரை×எஃப்7 ராஜா×எஃப்7 7.ராணி எஃப்3+ வருகிறது. டி5 குதிரையையும் ராஜாவையும் ராணி ஒருசேரத் தாக்குவதால், குதிரையைக் காக்க ராஜா இ6 கட்டத்துக்கு ஏறி, பலகையின் நடுவில் நிற்க வேண்டியதாகிறது. 5...குதிரை ஏ5 என்று பிஷப்பைத் தாக்குவதே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் வழி. 6.பிஷப் பி5+ சி6 7.டி×சி6 பி×சி6 என்று தொடர்ந்தால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனால் வெள்ளையின் பிஷப் மீண்டும் ஓட வேண்டியிருப்பதால் கறுப்பின் காய்கள் விரைவாக வெளியே வந்துவிடும். சிப்பாய் குறைந்த நிலையில் ஆடப் பிடிக்காதவர் மூன்றாவது நகர்விலேயே பிஷப் சி5 ஆடி, இந்தக் கிளைக்குள் நுழையாமலே இருந்துவிடலாம்.

அறிகுறி: சும்மா கிடைத்த சிப்பாயை வெட்டினேன், பெரிய காய் போயிற்று

எதிராளியின் ஒரு காய் கட்டுண்டு கிடக்கிறது (விலகினால் பின்னால் நிற்கும் ராஜாவோ ராணியோ தாக்கப்படும்), அது நகராது என்று நம்பி வெட்டியதே இங்கே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ராஜாவுக்கு முன்னால் கட்டுண்ட காய் விதிப்படி நகர முடியாது. ராணிக்கு முன்னால் கட்டுண்ட காய் நகரக்கூடியதே. நகர்ந்தால் ராணி போகும், அவ்வளவுதான். அந்த இழப்பைத் தாங்கும் வழி எதிராளியிடம் இருந்தால் கட்டு என்பதே பொருளற்றுப் போகிறது.

1.டி4 டி5 2.சி4 இ6 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.பிஷப் ஜி5 என்று வெள்ளை குதிரையைக் கட்டுகிறது. கறுப்பு மற்றொரு குதிரையை டி7 கட்டத்தில் வைக்கிறது. 5.சி×டி5 இ×டி5 6.குதிரை×டி5 என்று வெள்ளை ஒரு சிப்பாயை இலாபமாகக் கருதி எடுத்தால், கட்டுண்ட அதே குதிரை 6...குதிரை×டி5 என்று எழுந்துவிடுகிறது. 7.பிஷப்×டி8 என்று ராணி போனதும் 7...பிஷப் பி4+ வருகிறது. அந்தச் செக்கைத் தடுக்க ராணியை டி2 கட்டத்தில் வைப்பதைத் தவிர வெள்ளைக்கு வேறு வழி இல்லை. இரு ராணிகளும் போன பிறகு எண்ணிப் பார்த்தால், வெள்ளை ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையைக் கொடுத்திருக்கும். யானைப் பொறி என்று இதற்குப் பெயர். இதில் யானை எதுவும் நகர்வதில்லை என்பது வேறு விஷயம்.

பிரெஞ்சுத் தற்காப்பில் கறுப்பு இதே வகையில் ஏமாறுவது உண்டு. 1.இ4 இ6 2.டி4 டி5 3.இ5 சி5 4.சி3 குதிரை சி6 5.குதிரை எஃப்3 ராணி பி6 6.பிஷப் டி3 சி×டி4 7.சி×டி4 என்றானதும், டி4 சிப்பாயை இரு காய்கள் தாக்க ஒரு காய் மட்டுமே காப்பதுபோல் தெரியும். 7...குதிரை×டி4 8.குதிரை×டி4 ராணி×டி4 என்று வெட்டிய கறுப்புக்கு 9.பிஷப் பி5+ என்ற செக்கில் ராணி பறிபோகிறது, ஏனென்றால் பிஷப் விலகியதும் டி1 ராணியின் பாதை திறந்துவிடுகிறது. முதலில் 7...பிஷப் டி7 ஆடி அந்தச் செக்கை அடைத்துவிட்டால், அடுத்த நகர்வில் டி4 சிப்பாயை வெட்டும் மிரட்டல் உண்மையாகிவிடும். எத்தனை காய் தாக்குகிறது, எத்தனை காய் காக்கிறது என்ற கணக்கோடு, வெட்டிய பிறகு எந்தக் கோடு திறக்கும் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நகர்வுகள் நினைவில் இருந்தன, வரிசை மாறிவிட்டது

இது படிக்காதவர்களுக்கு வரும் நோயன்று. நிறையப் படித்தவர்களுக்கே வருகிறது. 2010ல் சோஃபியாவில் பல்கேரியாவின் டோபலோவுக்கு எதிரான உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில், குரூன்ஃபெல்ட் தற்காப்பை ஆடிய ஆனந்த், தயாரித்து வைத்திருந்த நகர்வுகளைக் குழப்பிக்கொண்டு 23ஆவது நகர்வில் ராஜாவை எஃப்7 கட்டத்துக்குக் கொண்டுசென்றார். அடுத்த நகர்விலேயே டோபலோவ் எஃப்6 கட்டத்தில் குதிரையைப் பலியிட்டார். ஆட்டம் 30 நகர்வில் முடிந்தது.

1997 மே 11 அன்று நியூயார்க்கில் டீப் புளூ கணினிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் ஆடியது, பிழையின் காரணத்தைத் துலக்கமாகக் காட்டுகிறது. காரோ-கான் தற்காப்பில் 1.இ4 சி6 2.டி4 டி5 3.குதிரை சி3 டி×இ4 4.குதிரை×இ4 குதிரை டி7 5.குதிரை ஜி5 குதிரை ஜி-எஃப்6 6.பிஷப் டி3 இ6 7.குதிரை எஃப்3 என்று வந்த பிறகு, அவர் 7...எச்6 ஆடினார். முதலில் பிஷப் டி6 ஆடிவிட்டுப் பிறகு எச்6 ஆடுவதே அறியப்பட்ட முறை. வரிசை புரண்டுவிட்டது என்று பலரும் கருதினாலும், கணினி காயைப் பலி கொடுக்கத் துணியாது என்று நம்பியே அவர் அப்படி ஆடினார் என்ற விளக்கமும் உண்டு. எப்படியாயினும் 8.குதிரை×இ6 என்ற பலி வந்தது. எஃப்8 பிஷப் இன்னும் வீட்டிலேயே இருந்ததால் ராஜாவுக்கு ஓட இடம் இல்லை. 19 நகர்வில் காஸ்பரோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பிஷப் முன்பே வெளியேறியிருந்தால் ராஜாவுக்கு அந்தப் பக்கம் வழி இருந்திருக்கும், இ6 கட்டத்துப் பலியும் இவ்வளவு வலுவாக இருந்திருக்காது.

ஆகவே இதற்கான மருந்து இன்னும் பத்து முறை ஒப்பிப்பதன்று. உங்கள் திறப்பில் அடுத்தடுத்து வரும் இரு நகர்வுகளை எடுத்து, அவற்றை இடம் மாற்றி ஆடினால் எதிராளி என்ன செய்வார் என்று பலகையில் காயை வைத்துப் பாருங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் அந்த வரிசையை நினைவில் சுமக்க வேண்டியதில்லை. ஏதேனும் நடந்தால், நடந்ததே அந்த வரிசைக்கான காரணம். காரணத்தோடு பதிந்த வரிசை எளிதில் புரளாது.

அறிகுறி: பெரிய ஆட்டக்காரர் ஆடியதை அப்படியே ஆடினேன், உடனே தோற்றேன்

1988ல் பீல் நகரில் சப்பாட்டாவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஆனந்த், ஆறே நகர்வில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3.குதிரை×இ5 டி6 4.குதிரை எஃப்3 குதிரை×இ4 5.குதிரை சி3 பிஷப் எஃப்5 6.ராணி இ2 என்பதே முழு ஆட்டம். இ4 கட்டத்துக் குதிரை ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டுவிட்டது. டி5 ஆடிக் காத்தால் டி3 ஆடித் தாக்குவார்கள். ராணியை இ7 கட்டத்தில் வைத்தால் குதிரை டி5 வந்து ராணியை விரட்டும். இந்த 5...பிஷப் எஃப்5 அதற்கு முந்தைய ஆண்டில் மைல்ஸ், கிறிஸ்டியன்சன் என்ற இரு கிராண்ட்மாஸ்டர்களின் ஆட்டத்தில் ஆடப்பட்டிருந்தது. அங்கே வெள்ளை ராணி இ2 ஆடாமல் விட்டதால் ஆட்டம் சமனில் முடிந்திருந்தது.

ஒரு நகர்வு அச்சில் இருக்கிறது என்பது, அது ஒருமுறை தண்டிக்கப்படாமல் தப்பியது என்பதற்கு மட்டுமே சான்றாக இருக்கலாம். இப்போது எஞ்சின் கையில் இருப்பதால் இவ்வளவு அப்பட்டமான பிழை தப்பாது. ஆனால் எஞ்சின் சமம் என்று மதிப்பிடும் நகர்வுகளை நம்பி ஆடுவதில் வேறொரு வகை ஆபத்து இருக்கிறது. அந்தச் சமநிலை, அடுத்த எட்டு நகர்வுகளையும் எஞ்சினைப் போலவே ஆடினால்தான் நிலைக்கும் என்பதை மதிப்பெண் காட்டுவதில்லை.

அறிகுறி: எதிராளி நான்காவது நகர்விலேயே புதிதாக எதையோ ஆட, என் நேரமெல்லாம் போய்விடுகிறது

அறியாத நகர்வைக் கண்டதும் அதைத் தண்டித்தே தீர வேண்டும் என்று தேடத் தொடங்குவதுதான் கோளாறு. நூலில் இல்லாத நகர்வுகளில் பெரும்பாலானவை தவறானவை அல்ல, சற்று மந்தமானவை மட்டுமே. மந்தமான நகர்வுக்கு உரிய பதில், நீங்கள் இயல்பாக ஆடக்கூடிய நல்ல நகர்வு. அந்த நகர்வு எதையாவது தாக்குகிறதா, எந்தக் கட்டத்தின் காவலைக் கைவிட்டிருக்கிறது என்று இரண்டைப் பாருங்கள். இரண்டுக்கும் விடை இல்லை என்றானால் அடுத்த காயை வெளியே எடுத்துவிட்டு, கோட்டை கட்டுவதை (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தி ராஜாவைப் பாதுகாப்பதை) நோக்கிச் செல்லுங்கள். இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டியதில்லை.

கோட்டை கட்டுவது என்றதும் போட்டி விதி ஒன்று நினைவுக்கு வருகிறது. முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும். யானையைத் தொட்டுவிட்டுப் பிறகு ராஜாவைத் தொட்டால், அந்த நகர்வில் அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது, யானையையே நகர்த்த வேண்டிவரும். யானை தாக்குதலில் இருந்தாலும் கோட்டை கட்டலாம். ராஜா நிற்கும் கட்டமும், கடக்கும் கட்டமும், சேரும் கட்டமும் தாக்கப்படாமல் இருந்தால் போதும்.

அறிகுறி: எஞ்சின் சமம் என்கிறது, எனக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை

ஓரளவு பயின்றவர்களின் தோல்விகளில் இதையே நான் மிக அதிகமாகக் காண்கிறேன். பதினான்காவது நகர்வு வரை ஷீட்டில் நேரம் சீராகச் செல்லும். பிறகு ஒரு யானை இங்கும் அங்குமாக இரண்டு முறை நகரும், ஒரு பிஷப் போன இடத்துக்கே திரும்பும். நகர்வுகளில் ஒன்றுகூடத் தனியாகத் தவறாகத் தோன்றாது. ஆனால் எதிராளி அதே நேரத்தில் ஒரு திட்டத்தை முடித்திருப்பார். இங்கே கெட்டுப்போனது திறப்பின் நகர்வுகளன்று, அந்தத் திறப்பு விட்டுச்செல்லும் சிப்பாய் அமைப்பைப் பற்றிய அறிவு.

ராணி கேம்பிட் என்ற திறப்பில் (1.டி4 டி5 2.சி4) வெள்ளை டி5 கட்டத்தில் வெட்டி, கறுப்பு இ சிப்பாயால் திரும்ப வெட்டிய அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு ஏ, பி என இரண்டு சிப்பாய்களும், கறுப்புக்கு ஏ, பி, சி என மூன்றும் இருக்கின்றன. குறைவாக இருப்பவர் தாக்குவது விந்தையாகத் தோன்றினாலும், வெள்ளை பி4, பி5 என்று முன்னேறி சி6 கட்டத்தில் வெட்டிவிட்டால், கறுப்புக்கு அங்கே வேறு சிப்பாயால் காக்க முடியாத, பின்தங்கிய சிப்பாய் ஒன்று மிஞ்சும். சி நெடுவரிசையில் யானையை வைத்து அதை ஆட்டம் முழுவதும் அழுத்தலாம். சிறுபான்மைத் தாக்குதல் எனப்படும் இந்தத் திட்டத்தை அறிந்த வெள்ளைக்குப் பதினைந்தாவது நகர்வில் திகைப்பு வராது. கறுப்பாக ஆடுபவரும், வெள்ளை வருவதைப் பார்த்துக்கொண்டிராமல் குதிரையை இ4 கட்டத்தில் ஊன்றி, இ நெடுவரிசையைப் பயன்படுத்தி ராஜா பக்கம் எதிர்த்தாக்குதல் நடத்த வேண்டும் என்று அறிந்திருப்பார்.

மேலே பார்த்த பிரெஞ்சுத் தற்காப்பிலும் இந்த நோய் அடிக்கடி வரும். கறுப்பின் சி8 பிஷப் இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடப்பதால், அந்தத் திறப்பே மோசம் என்று கைவிடுபவர்கள் உண்டு. டி4 சிப்பாயை சி5 என்றும், இ5 சிப்பாயை எஃப்6 என்றும் இரு முனைகளில் உடைப்பதும், பி6 ஆடி பிஷப்பை ஏ6 வழியாக மாற்றிக்கொள்வதும் அந்த அமைப்போடு கூடவே வரும் கடமைகள். இவற்றைச் செய்யாமல் பிரெஞ்சுத் தற்காப்பை ஆடினால் மூச்சு முட்டத்தான் செய்யும்.

பயிற்சி இதுதான். உங்கள் திறப்பில் அடிக்கடி வரும் ஒரு நிலையில் ராஜாவையும் சிப்பாய்களையும் தவிர மற்றக் காய்களை எல்லாம் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். எந்தச் சிப்பாயை எந்தச் சிப்பாயால் உடைக்கலாம், எந்தக் கட்டத்தைச் சிப்பாயால் இனி ஒருபோதும் காக்க முடியாது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு காய்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்து, அது அந்த உடைப்புக்கு உதவுகிறதா என்று பாருங்கள். எதற்கும் உதவாத காய் எதுவோ, அதுவே பதினைந்தாவது நகர்வில் நீங்கள் நகர்த்த வேண்டிய காய். இதை ஒரே மாலையில் செய்து முடிக்கலாம் என்றாலும், பத்துப் பேரிடம் சொன்னால் ஒருவர்கூடச் செய்வது அரிது.

அறிகுறி: இவை எதுவும் பொருந்தவில்லை, ஆனாலும் இந்தத் திறப்பில் தோற்கிறேன்

இப்போதுதான் மாற்றத்தைப் பற்றிப் பேசலாம். 2000இல் லண்டனில் உலகச் சாம்பியன் போட்டியில் காஸ்பரோவை எதிர்கொண்ட கிராம்னிக், இ4 ஆட்டங்களுக்குப் பெர்லின் தற்காப்பைக் கொண்டுவந்தார். 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் பி5 குதிரை எஃப்6 என்று தொடங்கும் அதில், எட்டாவது நகர்விலேயே ராணிகள் வெளியேறும் கிளை ஒன்று உண்டு. கறுப்பு கோட்டை கட்டும் உரிமையை இழக்கிறது. பதிலுக்கு, காய்கள் நெரிந்த சிக்கலான தாக்குதல் நிலைகள் காஸ்பரோவுக்குக் கிடைக்காமல் போயின. அந்தப் போட்டியில் காஸ்பரோவ் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. 8.5க்கு 6.5 என்று கிராம்னிக் வென்றார். 2008இல் பான் நகரில் அதே கிராம்னிக்கை ஆனந்த் எதிர்கொண்டபோது, வழக்கமான இ4 திறப்பை விட்டு டி4 திறப்புக்கு மாறி 6.5க்கு 4.5 என்று வென்றார். இருவரும் மாறியது பழையது கெட்டுவிட்டதால் அன்று. எந்த வகை நிலையில் எதிராளி அசௌகரியப்படுவார், எதில் தமக்குக் கை வரும் என்று எடைபோட்டே மாறினார்கள்.

ஆகவே உங்கள் தோல்விகளில் நிலையின் வகை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த கோடுகளில் கணக்கிட வேண்டிய நிலைகளில்தான் தொடர்ந்து தவறுகிறீர்கள் என்றால், அந்த நிலைகள் அடிக்கடி வரும் திறப்பிலிருந்து விலகலாம். கறுப்பில் ஒரே ஒரு முதல் நகர்வுக்கு எதிராக மட்டும் தொல்லை என்றால் அதற்குரிய பதிலை மட்டும் மாற்றினால் போதும், எல்லாவற்றையும் கலைக்க வேண்டியதில்லை. புதியதைத் தேர்ந்தெடுத்த பின் விரைவு ஆட்டங்களில் இருபது முப்பது முறை ஆடிப் பார்த்து, தோற்ற ஒவ்வொன்றிலும் முதலில் குறித்த அதே மூன்று இடங்களை மீண்டும் குறித்துப் பாருங்கள். நீண்ட நேரம் யோசித்த முதல் நகர்வு பழைய ஷீட்டுகளில் விழுந்த அதே இடத்திலேயே விழுகிறது என்றால், புதிய திறப்பை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்றுக்குத் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கும்.